இறந்தவர் பெயரில் வந்த லோடு

கிஃபாயத்துல்லா எனக்கு அறுபதாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. அதற்குச் சீட்டு இல்லை, சாட்சி இல்லை. ஐந்நூறு ரூபாய்த் தாள் நூற்றிருபதை அவருடைய உள்ளங்கையில் நான் எண்ணி வைத்தேன், அவர் கையை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் பத்திரம்.

நான் அப்படித்தான் கொடுப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆரம்பாக்கத்தில் லாரி கழுவினேன், கிளீனராக ஏறினேன், டிரைவரானேன். இன்று பதினொரு லாரிக்குச் சொந்தக்காரன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தணிகாசலம் வண்டி என்றால் வாட்ச்மேன் மறுபேச்சில்லாமல் கேட்டைத் திறப்பான். எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்த கடன் எத்தனையோ எனக்கு வராமல் போயிருக்கிறது. கையில் எண்ணிக் கொடுத்தது ஒன்றுகூட வராமல் போனதில்லை. இந்த லாரி உரிமையாளர் சங்க மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். என்னைத்தான் ஊருக்கே தெரியுமே. அதனால் சைதாவைப் பற்றி எழுதுகிறேன். சைதா, கிஃபாயத்துல்லாவின் மனைவி.

அவர்கள் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பம். அண்ணன் அஸ்கர் அலி ஏரிக்கரையோடு நின்றுகொண்டார். தம்பி கிஃபாயத்துல்லா மட்டும் ஹைவேக்கு வந்து, சிப்காட் போகும் வழியில் லாரி புக்கிங் ஆபீஸ் போட்டார். ஆலைக்கு லாரி பிடித்துக் கொடுப்பார், லாரிக்காரனுக்கு லோடு பிடித்துக் கொடுப்பார், நடுவில் கமிஷன். ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். ‘விஜயவாடா, கம்பி, 16 டன்’ என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். எந்த ஆலை என்று இருக்காது. ஆலை கொடுக்கிற வாடகை எவ்வளவு என்றும் இருக்காது. அவரிடம் மட்டும் இல்லை, எல்லா புக்கிங் ஆபீஸிலும் அதுதான் தொழில். மறைக்கத் தெரிந்தவன் பிழைத்தான்.

2006 கடைசியில் கம்ப்யூட்டர் போர்டு வந்தது. ஐந்தாறு உருக்காலைக்காரர்களும் சில லாரி முதலாளிகளும் சேர்ந்து இன்டர்நெட்டில் பொதுவாக ஒன்றைத் தொடங்கினார்கள். ஆலைக்காரன் தன் லோடைப் போடுவான், புக்கிங் ஆபீஸ்காரன் அதை எடுத்துக்கொண்டு தன் பேரில் லாரி கேட்பான், லாரிக்காரன் காலி வண்டி எங்கே நிற்கிறது என்று போடுவான். வாடகை உட்பட எல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். புக்கிங் ஆபீஸ்காரர்கள் காறித் துப்பினார்கள். சேருகிறேன் என்று வந்த முதல் ஆள் கிஃபாயத்துல்லா. டிபாசிட்டுக்கும் கம்ப்யூட்டருக்குமாக அறுபதாயிரம் கேட்டு என் ஷெட்டுக்கு வந்தார்.

“நெல்லூர்ல குந்திகினு கீறவனும் பாக்கலாம்ண்ணே, சேலத்துல கீறவனும் பாக்கலாம்” என்றார்.

“எல்லாத்தையும் எல்லாரும் பாத்துட்டா ஒனக்கு இன்னா பாய் கெடைக்கும்? நாமம்தான் கெடைக்கும். அதுவும் ஒன் நெத்திக்கு ஒத்து வராது.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மறைச்சு மறைச்சு பேஜாரா பூட்சுண்ணே. ஒரு லோடுக்கு நாலு பொய்யி. எவன்கிட்ட இன்னா பொய் சொன்னேன்னு ஊட்டுக்குப் போயும் ஞாபகம் வெச்சுக்க வேண்டி கீது” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் முப்பது வருஷத்தில் வேறு எந்த புக்கிங் ஆபீஸ்காரனும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் வந்தது. அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தட்டத் தெரியாது. சைதா கல்யாணத்துக்கு முன்பு பொன்னேரியில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய பெண். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் உள்ளறையில் உட்கார்ந்து அவள்தான் தட்டினாள். போர்டில் அவர் பேரைப் பதிந்ததும் அவள், அதற்கு ரகசிய வார்த்தை வைத்ததும் அவள்.

2007 சித்திரை வெயிலில் எடைமேடை பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். பொன்னேரி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பழவேற்காடு போனேன். என் டிரைவர் ஆதிகேசவனும் வந்தான். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்குவதற்கு முன்னால், வந்திருக்கிற ஜனங்களைப் பார்த்து வீட்டு ஆள் ஒருவர் பேசுவார். அன்றைக்கு அஸ்கர் அலி பேசினார்.

“என் தம்பி யாருக்காச்சும் பாக்கி வெச்சிருந்தா இப்பவே சொல்லுங்க, இல்லாட்டி ஊட்டுக்கு வந்து சொல்லுங்க. நாங்க பொறுப்பு. அவரால மனசு நொந்து இருந்தா மன்னிச்சுடுங்க.”

எத்தனையோ அடக்கத்தில் நான் இதைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் திறந்தேன்.

“எனக்கு அறுபதாயிரம்” என்றேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அஸ்கர் அலி முகம் சுண்டிப்போனது. “மொதல்ல மண்ணு போடலாம்ண்ணே” என்றார். “நீ கேட்டே, நான் சொன்னேன்” என்றேன். கைநிறைய மண் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆதிகேசவன் இருபது வருஷமாக என்னிடம் இருப்பவன், வாய் நீளம். வண்டியில் வரும்போது, “இன்னா நைனா, குழி பக்கத்துல நின்னுகினு டப்பு கேக்கறியே, உனக்கே நல்லா கீதா?” என்றான்.

நான் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். என் முதல் லாரிக்கு டயர் கடன் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். நாலாயிரம் ரூபாய் பாக்கி. பணத்தைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது, “போடா, புள்ளகுட்டிக்காரன், வெச்சுக்கோ” என்றார். எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். அன்றிலிருந்து அவர் கடை வழியாக நான் போனதில்லை. பதினொரு லாரி வந்த பிறகும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அப்படி ஒரு சுமையை நான் எவன் தலையிலும் ஏற்ற மாட்டேன், செத்தவர் தலையிலும்கூட.

ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஒரு மாதம் போயிருக்கும். சங்கத்துக் கம்ப்யூட்டரில் நெல்லூர் லோடு பார்க்கப் போன ஆதிகேசவன் வியர்த்துப்போய் ஷெட்டுக்கு ஓடி வந்தான்.

“நைனா! பாய் லோடு போட்டுகினு கீறாரு!”

“எந்த பாய்?”

“நம்ம பாய்தான். பேரு பச்சையா எரியுது. கம்பி, பதினாறு டன்னு, வாடகை எல்லாம் போட்டுகினு கீது.”

“குழியில மண்ணு போட்டுட்டு என்கூடத்தானடா வந்தே?”

“அதத்தான் நானும் சொல்றேன்!”

நானே போய்ப் பார்த்தேன். உண்மைதான். யார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் சிப்காட் டிரைவர்களுக்குப் புரிய வைக்க முடியவில்லை. செத்தவர் கூப்பிட்டு லோடு ஏற்றினால் வண்டி ஊர் போய்ச் சேராது என்று ஒருவன் கிளப்பிவிட்டான். உள்ளூர் வண்டி ஒன்றும் அந்தப் பேரைத் தொடவில்லை. வெளியூர் வண்டிகள் தெரியாமல் ஒப்புக்கொண்டு வரும். வந்த டிரைவர் டீ குடிக்க இறங்குவான், கடையில் சேதியைக் கேட்பான், லோடு ஏற்றாமலே திரும்பிவிடுவான்.

போர்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒப்புக்கொண்ட லாரி வராமல் போனால், புக்கிங் செய்தவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி விழுந்தால் பேரை எடுத்துவிடுவார்கள், டிபாசிட்டும் போய்விடும். கிஃபாயத்துல்லா பேருக்கு இரண்டு விழுந்துவிட்டது. டிபாசிட் என்றால் அதில் என் பணமும் இருக்கிறது. நான் பழவேற்காட்டுக்குப் போனேன்.

சைதா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருப்பது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே பச்சைத் திரை போட்டிருந்தது. நானும் அஸ்கர் அலியும் இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். அந்தப் பக்கமிருந்து பொத்தான் தட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. விற்பதற்காக ஆபீஸிலிருந்து அஸ்கர் அலி எடுத்து வந்த கம்ப்யூட்டரை அவள் வீட்டு டெலிபோன் லைனில் மாட்டி வைத்திருந்தாள்.

“வாங்கண்ணே” என்றது குரல். “அடக்கத்தப்போ அறுபதாயிரம்னு சொன்னீங்களாமே.”

“சொன்னேன்மா.”

“நல்லதுண்ணே. நீங்க சொல்லாம போயிருந்தா, இன்னும் எவ்ளோ பாக்கி நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடன் தீர்ற வரைக்கும் மவுத்தானவங்க ரூஹு தொங்கிக்கினே இருக்கும்னு எங்கள்ல சொல்வாங்க.” மவுத்து என்றால் சாவு, ரூஹு என்றால் உயிர்.

அஸ்கர் அலி குறுக்கே பேசினார். “கம்ப்யூட்டர பதினெட்டாயிரத்துக்குக் கேக்கறாங்க. ஆபீஸ் அட்வான்ஸு ஒரு பத்து வரும். அத இவருகிட்ட கொடுத்துட்டு, மீதிக்குப் பெரிய மனசு பண்ணச் சொல்லலாம். இத்தா முடியறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுடலாம் சைதா.”

“இது வாங்கத்தானே மச்சான் கடன் பட்டாங்க. இத வித்துட்டு மீதிய எப்படி அடைக்கறது? நீங்க இறா தலை கிள்ளி அடைப்பீங்களா?”

அஸ்கர் அலி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“பெரிய மனசு எல்லாம் எனக்குக் கெடையாதும்மா” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். “ஆனா ரெண்டு புள்ளி வுழுந்துடுச்சு. மூணாவது வுழுந்தா எல்லாம் போச்சு. இன்னா பண்ணப் போறே?”

“இன்னைக்கு நெல்லூர் லோடு ஒண்ணு என் கையில கீதுண்ணே. அஞ்சு மணிக்கு ஆலைக் கேட்ட மூடிடுவாங்க. காலைல ஒப்புக்கிட்ட வண்டி இப்பதான் முடியாதுன்னு போன் பண்ணிச்சு.”

அப்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. மூன்றாவது புள்ளிக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை. என் வண்டி ஒன்றை அனுப்பலாமா என்று யோசித்தேன். எல்லாம் லோடோடு ஆந்திராவில் ஓடிக்கொண்டிருந்தன. திரைக்குப் பின்னால் பொத்தான் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வேகமாகக் கேட்டது. தட்டி முடித்துவிட்டு அவள் வாசித்துக் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். டன்னும் ஊரும் வாடகையும் மட்டும் எழுதுகிற இடத்தில் அவள் இப்படி எழுதியிருந்தாள்:

‘கிஃபாயத்துல்லா இறந்துவிட்டார். நான் அவர் மனைவி சைதா. அவர் கடனை அடைப்பதற்காக அவர் பேரில் லோடு போடுகிறேன். ஒரு லாரி முதலாளிக்கு அறுபதாயிரம் தர வேண்டும். வேறு யாருக்காவது அவர் பாக்கி வைத்திருந்தால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள். இந்தப் பேரில் லோடு ஏற்றும் வண்டிக்கு, ஆலை பணம் தந்த அன்றைக்கே, அட்வான்ஸ் போகப் பாக்கி வாடகை கிடைக்கும்.’

அஸ்கர் அலி தலையில் கை வைத்துக்கொண்டார். “ஊரையே கூப்பிட்டு வெச்சு பாக்கி கேளுங்கடான்னு சொல்லிட்டியே!”

“மையவாடில நீங்க சொன்னதுதான் மச்சான். அங்க பழவேற்காட்டு ஆளுங்க மட்டும் நின்னாங்க. உங்க தம்பி தொழில் பண்ணது இந்த போர்டுல கீறவங்களோடதானே?”

வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டே போவதென்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்குத்தான் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கூடூர்க்கார டிரைவர், சொந்த வண்டி ஒன்று வைத்திருப்பவன், தெலுங்கும் தமிழும் கலந்து பேசினான். போன வருஷம் லோடுக்காக வண்டி காத்துக் கிடந்ததற்கான ஹால்டிங் பணம் எண்ணூறு ரூபாய் பாய் தரவில்லையாம்.

“தர்றேன் நைனா. ஒரு வாரம் டைம் குடு.”

“எதுக்கும்மா ஒரு வாரம்? தடாவுல காலி வண்டியோட நிக்கறேன். நெல்லூர் லோடுதான? கமிஷன்ல எண்ணூற கழிச்சுக்கோ. நானே வந்து ஏத்தறேன்.”

“பயமா இல்லியா உனக்கு?”

“நானே அவருகிட்ட பணம் கேட்டுகினு வர்ற ஆளு. என்னப் பார்த்து அவருதாம்மா பயப்படணும்.”

திரைக்குப் பின்னால் அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு சத்தம் கேட்டது. வண்டி நாலரை மணிக்கு ஆலைக் கேட்டுக்குள் போய்விட்டது. அந்தப் பேருக்கு அதன் பிறகு ஒரு புள்ளிகூட விழவில்லை.

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. பாக்கி கேட்டு வந்தவர்களே லோடு ஏற்றினார்கள். ஆயிரத்து இருநூறு என்று ஓங்கோல்காரன் வந்தான், அறுநூறு என்று ஆத்தூர்க்காரன் வந்தான். கிஃபாயத்துல்லா யோக்கியர்தான். ஆனால் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற எவனுக்கும் ஒருவன் பாக்கியை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்காமல் ஒரு நாள் ஓடாது. சில்லறைக் கடன் எல்லாம் சேர்ந்து இருபத்தேழாயிரத்துக்குப் போனது. ஆலைக்குப் போய்ப் பணம் வாங்கி வருவதும், டிரைவர் கையில் கொடுப்பதும் அஸ்கர் அலி வேலையானது. இறால் வாடையோடு ஒரு பழைய மொபெட்டில் அவர் சிப்காட்டில் ஆலை ஆலையாகப் போவதைப் பார்த்து, “பாய், இன்னைக்குக் கிலோ எவ்ளோ?” என்று வாட்ச்மேன்கள் கிண்டல் செய்தார்கள். திட்டிக்கொண்டே போனார், ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை.

எனக்குத்தான் பணம் வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

“மொதல்ல வாயத் தொறந்தவன் நான். எனக்கப்புறம் வந்தவனுக்கெல்லாம் குடுத்துகினு கீறே.”

“ஆமாண்ணே. உங்களுக்குக் கடைசிலதான்.”

“ஏன், என் டப்பு கசக்குதா?”

“உங்ககிட்ட பதினோரு வண்டி கீது. அவங்கள்ல பல பேருகிட்ட ஒண்ணுதான். எண்ணூறு வராட்டி அவங்க ஊட்ல அடுப்பு எரியாது. அறுபதாயிரம் வராட்டியும் உங்க ஊட்ல நாஷ்டாவுக்கு மூணு வகை இருக்கும்.”

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். என்னிடம் இப்படிப் பேசின பெண் கிடையாது. ஆனால் எழுந்து வரும்போது வழியெல்லாம் அவள் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் தப்பில்லை. அன்று இரவு ஆதிகேசவனைக் கூப்பிட்டு, நம் வண்டியும் பாய் பேரில் லோடு எடுக்கட்டும் என்றேன். அவன் கண்ணை விரித்தான். “நீ ஓட்டறியா, நான் ஏறி ஓட்டட்டுமா?” என்று கேட்டேன். ஓட்டினான். விஜயவாடா போய்ச் சேர்ந்து, “ஒண்ணும் ஆவல நைனா” என்று போன் செய்தான்.

இத்தா முடிந்ததும் அவள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தினமும் பஸ் ஏறி வந்து ஆபீஸைத் திறந்தாள். கரும்பலகையைக் கழற்றவில்லை. போர்டில் இருப்பதையே ஆலை பேர், வாடகை விடாமல் அதிலும் எழுதி வைத்தாள், கம்ப்யூட்டர் பார்க்கத் தெரியாதவர்களுக்காக. பேரை மட்டும் மாற்றவில்லை. போர்டுக்காரர்களே, “உங்க பேருக்கு மாத்திக்கோங்கம்மா” என்று சொல்லிப் பார்த்தார்கள். “அவங்க கணக்கு முடியட்டும்” என்றுவிட்டாள்.

சில்லறைக் கடன் அத்தனையும் தீர்ந்து எனக்குச் சேர்க்கத் தொடங்கிய சமயத்தில், 2008 மழைக்காலத்தில், இரும்பு விலை சரிந்தது. ஆலைகள் ஒரு ஷிப்டாகக் குறைந்தன. என் லாரிகளிலேயே ஏழு, ஷெட்டில் நின்றன. லோடை மறைத்து வைத்துப் பிழைத்த ஆபீஸ்களில் மறைக்கவும் லோடு இல்லாமல் நான்கை மூடிவிட்டார்கள். அவள் போர்டில் காலி வண்டிகளைத் தேடினாள். நெல்லூரில் இறக்கிவிட்டுச் சும்மா திரும்புகிற வண்டிக்குத் தவிட்டு மூட்டை பிடித்துக் கொடுத்தாள். துறைமுகத்திலிருந்து வெறுமனே வருகிற வண்டிக்குப் பழைய இரும்பு பிடித்துக் கொடுத்தாள். கமிஷன் பாதிதான். பாக்கி வாடகை மட்டும் ஒரு நாள் தள்ளவில்லை.

சங்கத் தலைவர் அப்பாவு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்த மந்தத்துல அந்தப் பொம்பளகிட்டப் போயி வாங்கணுமா தணிகாசலம்? வுட்டுடு. உனக்கு நல்ல பேரு வரும்.”

“பேரு எனக்கு ஏற்கெனவே கீது” என்றேன். “அந்தம்மா வுடச் சொல்லட்டும், வுடறேன்.” அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

2009 தைப் பொங்கல் முடிந்த வாரம் போன் வந்தது. ஆதிகேசவனோடு சைதாவின் ஆபீஸுக்குப் போனேன். அஸ்கர் அலி சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டரில் கிஃபாயத்துல்லா பேர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. மேசை மேல் ஒரு துணிப்பை.

“இன்னைக்கு சாயங்காலம் பேர மாத்தச் சொல்லிட்டேன்ண்ணே” என்றாள் சைதா. “கைய நீட்டுங்க.”

“பையோட குடும்மா. நான் எண்ணிக்கறேன்.”

“இல்லண்ணே. நீங்க எப்படி எண்ணி வெச்சீங்கன்னு, கடன் வாங்கின அன்னைக்கு ராத்திரி அவங்க ஊட்டுக்கு வந்து சொன்னாங்க. அப்படித்தான் தரணும்.”

ஒரு கணம், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கே தோன்றியது. டயர்க் கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. கையை நீட்டினேன்.

பிஸ்மில்லா என்று முதல் தாளை வைத்தாள். அழுக்குத் தாளும் இருந்தது, புதுத் தாளும் இருந்தது, தவிட்டுத் தூசி ஒட்டிய தாளும் இருந்தது. ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள். அஸ்கர் அலியின் உதடும் கூடவே அசைந்தது. எண்பதுக்கு மேலும் இன்னொரு கையை நான் தாங்கக் கொடுக்கவில்லை. நூற்றுப் பத்தில் அவள் ஒருமுறை நின்று, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். கடைசித் தாளின் மடிப்பை மேசையில் வைத்து நீவி, அதையும் என் உள்ளங்கையில் வைத்து, “நூத்தி இருபது” என்றாள்.